சத்தம் வெளிய போவாத ரூமு

முத்தாபுதுப்பேட்டையில் பச்சையப்பன் லைன் வீடு எங்கே என்று எந்த ஆட்டோக்காரரைக் கேட்டாலும் சொல்வார். ஒரே நீளச் சுவர், ஒரே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நடுநடுவே தடுப்பு வைத்து ஆறு குடித்தனம். தடுப்பு என்று மரியாதைக்குச் சொல்கிறேன். பச்சையப்பன் செங்கலைப் படுக்க வைத்துக் கட்டாமல் நிறுத்தி வைத்துக் கட்டியவன். முதல் வீட்டில் தும்மினால் மூன்றாம் வீட்டில் ‘நூறாயுசு’ என்பார்கள். நாலாம் வீட்டுக் கமலம் தூக்கத்தில் உளறியதற்கு ஐந்தாம் வீட்டுச் சுசீலா தூக்கத்திலேயே பதில் சொல்லி, பேச்சு தடித்து, காலையில் குழாயடியில் ரெண்டு பேரும் காரணம் தெரியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றதை, கடைசி வீட்டுக்காரனான நானே பார்த்திருக்கிறேன்.

இப்படிப்பட்ட இடத்தில் ரகசியம் பேச ஒரே வழிதான் உண்டு. மழை. ஆஸ்பெஸ்டாஸ் மேல் மழை விழுந்தால், காதோடு வாயை வைத்துக் கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கும். அதனால் எங்கள் லைனில் புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் மழைக்குக் காத்திருக்கும். மாசியில் வந்த கோபத்தைக் கெடாமல் வைத்திருந்து ஐப்பசியில் தீர்த்துக்கொள்வார்கள். வானம் கறுத்தால் மற்ற இடங்களில் கொடித்துணியை எடுப்பார்கள். எங்கள் லைனில் கதவைச் சாத்துவார்கள். ஒரு புயலுக்கு விடாமல் அடித்த மழை ஓய்ந்தபோது ரெண்டு குடும்பம் பிரிந்திருந்தது, ஒரு குடும்பம் புதிதாகச் சேர்ந்திருந்தது.

ரெண்டாம் வீடு தேவராஜுடையது. அவன் அப்பா பாலவேடு பக்கம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டவர். தேவராஜ் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ப்ரெஸ் கம்பெனியில் சேர்ந்தான். தகட்டை வைத்து, கையை எடுத்து, பெடலை மிதிக்க வேண்டும். ஒருநாள் மிதித்த பிறகு எடுத்தான். இடது கைச் சுண்டுவிரல் போயிற்று. அதற்கப்புறம் கம்பெனியில் அவனுக்கு ஒரு மரியாதை. கடைசியில் சூப்பர்வைசர் ஆக்கினார்கள்; பையில் கம்பெனிப் பெயர் தைத்த நீலச் சட்டை கொடுத்தார்கள். அந்தச் சட்டை வந்த அன்று அவன் பெண்டாட்டி அங்கம்மா லைன் முழுக்கக் கேசரி கொடுத்தாள். அன்றிலிருந்து காலையில் அந்தச் சட்டையை அவளே இஸ்திரி போட்டு, கையில் டிபன் தூக்கைக் கொடுத்து, தெருமுனை திரும்பும்வரை நின்று பார்ப்பாள்.

சாயங்காலம் வந்து காலைக் கழுவியதும் தேவராஜ் கம்பெனிக் கதை ஆரம்பிப்பான். எந்த மெஷின் மக்கர் செய்தது, எந்தப் பையன் லீவு போட எந்தப் பாட்டியை எத்தனையாவது தடவை சாகடித்தான் என்றெல்லாம் சொல்லுவான். அங்கம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே “அப்பால?” என்பாள். அவள் “அப்பால?” என்றால் எங்கள் ஆறு வீட்டிலும் டீவி சத்தத்தைக் குறைப்போம். கதை அவ்வளவு நன்றாக இருக்கும். கொஞ்ச காலமாக ஒரு பொட்டலமும் சேர்ந்து வந்தது, பொரித்த கோழி. “கம்பெனில ஒருத்தனுக்குப் பொறந்த நாளு” என்பான். அந்தக் கம்பெனியில் வாரத்துக்கு நாலு பேர் பிறந்துகொண்டிருந்தார்கள். நாங்களும் எலும்பைக் கடித்துக்கொண்டு, நல்ல கம்பெனி என்றோம்.

அவர்களுக்கு ஒரே பெண், பானுப்பிரியா. பூந்தமல்லி ரோட்டுப் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் விஸ்காம் ரெண்டாம் வருஷம். அவளுக்கு ரெண்டு நாக்கு. வீட்டில் “நைனா, இன்னா பண்ணிகினு கீறே?” என்று கேட்கிற நாக்கை பஸ் ஏறும்போது உள்ளே வைத்துவிட்டு, “டாடி சூப்பர்வைசரா இருக்காங்க” என்கிற நாக்கை எடுத்து மாட்டிக்கொள்வாள். முகப்பேர் ஃபிளாட்டுகளிலிருந்து வரும் பிள்ளைகளோடு பழக வேண்டுமே. அதை யாரும் குற்றமாக நினைக்கவில்லை. இஸ்திரி போட்ட சட்டை மாதிரி அதுவும் ஒன்று.

இந்த வருஷம் அந்தக் கல்லூரியில் புதிதாக ஒரு ஸ்டுடியோ கட்டினார்கள். நியூ மீடியா ஸ்டுடியோ என்று கண்ணாடியில் எழுதிப் போட்டார்கள். ஒரு ஹால் முழுக்கப் பச்சை வர்ணம். அதன் முன்னால் நின்றால் கம்ப்யூட்டரில் நிலாவில் நிற்கலாமாம். எடிட்டிங் செய்யத் தனித்தனித் தடுப்பு. கோடியில் ஒரு சின்ன அறை. அதற்குள் பேசுவதை வெளியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்வார்கள். துறைத் தலைவர் கிருபாகரன் சார் நல்ல மனுஷன், எதைப் பார்த்தாலும் கண் கலங்குகிறவர். திறப்பு விழாவுக்குப் பிள்ளைகளே ஏதாவது செய்து காட்ட வேண்டும் என்று சொல்லி, “உங்க ஏரியாலேருந்து ஒரு குரல், அஞ்சு நிமிஷம்” என்று வேலை கொடுத்தார்.

பானு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சார் இல்லாத ஒரு சனிக்கிழமை, சாப்பாட்டு நேரம். வாட்ச்மேனிடம் ‘கெஸ்ட்’ என்று சொன்னாள்.

அங்கம்மா அந்த அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவர், கதவு, கூரை எல்லாம் மேடும் பள்ளமுமாகக் கறுப்புப் பஞ்சு.

“இன்னாடி இது, முட்டை அட்டைய ஒட்டி வச்சிகிறாங்க?”

“சத்தம் வெளிய போவாது மா.”

“போவாதுன்னா?”

“நீ உள்ள கத்து. நான் வெளிய நின்னுகினு கேக்குதான்னு சொல்றேன்.”

பானு வெளியே போய்க் கனத்த கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா கூச்சத்தோடு வாயைத் திறந்தாள். அப்புறம் அகலமாகத் திறந்தாள். அப்புறம் கழுத்து நரம்பு தெரிகிற மாதிரி கத்தினாள். பானு கையை விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை.

உள்ளே வந்தபோது அங்கம்மா மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு பிரமிப்பு.

“மெய்யாலுமே கேக்கலயா?”

“ஒரு ஈ எறும்புக்குக்கூட கேக்கல.”

“பச்சையப்பனத் திட்டினேன்டி. கெட்ட வார்த்தைல. வாடகைக்கு வந்த நாள்லேருந்து திட்டணும்னு இருந்தேன்.” உட்கார்ந்தாள். முன்னால் தொங்கியதைப் பார்த்தாள். “இது இன்னா, சொரக்காயாட்டம்?”

“மைக்கு மா. நீ பேசறது அதுல வந்து என் காதுல வுழும்.”

“உன் காதுல மட்டுமா?”

பானு ஒரு நொடி யோசித்தாள். ஹெட்போன் ஒன்றுதான் இருந்தது. அந்த நேரத்துக்கு அது பொய்யில்லை.

“என் காதுல மட்டும்தான் மா.”

எங்கள் லைன் வீட்டில் இருபது வருஷம் குசுகுசுத்தே குடும்பம் நடத்தியவளிடம் போய், இங்கே பேசினால் வெளியே போகாது என்று சொல்லலாமா? அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நாற்காலியை மைக்குப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பானு வெளியே போய்க் கதவைச் சாத்தி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

“உங்க நைனாவப் பத்தி சொல்லட்டா? யாராண்டயும் சொன்னதில்ல. அன்னிக்கு பூந்தமல்லில காதுகுத்துக்குப் போனேன் இல்ல, வர்றப்போ குமணன்சாவடில பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தேன். எதிர்த்தாப்ல ஒரு கோழிக் கடை. வாசல்ல ஆள் ஒசரத்துக்கு ஒரு மஞ்சக் கோழி, வேஷம் போட்டுகினு ஆடிகினு கீது. போற வர்ற பசங்களுக்குக் கை குடுக்குது. நானும் பல்ல காட்டிகினு பாக்கறேன். அது கைய ஆட்டுச்சு. கையொறைல நாலு வெரலு நிமிந்து நிக்குது, சுண்டுவெரலு மட்டும் தொங்குது. காத்து போன பலூனாட்டம். அந்த வெரலு போன அன்னிக்கு ஆஸ்பத்திரில கட்டு போட்ட கைய மடில வச்சிகினு குந்தினு இருந்தவ நானு. எனக்குத் தெரியாதா?

“கிட்ட போனேன். போயிருக்கக்கூடாது, போய்ட்டேன். கோழி என்னைப் பாத்துச்சு. ஆட்டம் நின்னு போச்சு. அப்பால இன்னா நெனச்சாரோ, முன்னவுட ஜாஸ்தியா ஆட ஆரம்பிச்சாரு. வேற யாரோன்னு நான் நெனச்சிக்கணுமாம். குதிக்கிறாரு, இடுப்ப ஆட்றாரு, அந்த முட்டிவலிய வச்சிகினு. நான் கை நீட்னேன். குடுத்தாரு. உள்ள கை கொதிக்குது. ‘நல்லா ஆட்றபா’ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன்.

“சாய்ந்தரம் வர்றாரு. நீலச் சட்டை. ‘இன்னிக்கு கம்பெனில ஒரே பேஜாரு, ஆர்டரு ஜாஸ்தி’ங்கிறாரு. கம்பெனிய மூடி மெஷினையெல்லாம் இரும்புக் கடைக்கு அள்ளிகினு போய்ட்டாங்கன்னு ஆவடி மார்க்கெட்டுல அவுரு கூட வேல செஞ்சவன் சம்சாரமே சொல்லிச்சு. நான் ‘அப்பால?’ன்னேன். சொன்னாரு. தெனம் சொல்றாரு. நானும் அப்பால அப்பாலன்னு கேட்டுகினே சோறு போட்றேன். கேக்காம வுட்டா அந்தாளு இன்னாத்துக்கு ஊட்டுக்கு வருவாரு, சொல்லு?

“எப்பனாச்சும் குமணன்சாவடி போவேன். எதிர் சைடுல பூக்காரம்மா பக்கத்துல நின்னு பாப்பேன். வெயிலு மண்டைய பொளக்கும். அந்தாளு ஆடுவாரு. தண்ணி குடிக்கணும்னாகூடத் தலைய கழட்டணும் இல்ல? கழட்ட மாட்டாரு. யாருனா பாத்துடுவாங்கன்னு. நான் பாத்துகினு நிக்கிறேன், எனக்குத் தொண்ட காயுது.

“ஊட்ல இத வாய் தொறக்க முடியுதா? செவுத்துக்கு அந்தாண்ட காது. மழ வரட்டும்னு பாத்தேன். மழ வந்தாலும் இன்னான்னு சொல்றது? இங்கதான் கண்ணு சொல்ல முடிஞ்சிது. அப்பாடா.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பானு அழுதுகொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்து சொட்டியது. இடது கையால் துடைத்தாள். வலது கை சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகில் இருந்தது. அம்மா குரல் உயர்ந்த இடத்தில் கொஞ்சம் குறைத்தாள், தழுதழுத்த இடத்தில் கொஞ்சம் கூட்டினாள். சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்கு சிவப்பைத் தொடாமல் கச்சிதமாக ஆடியது. “அழுதுகினேதான் இருந்தேன் தாத்தா, ஆனா கை அதும்பாட்டுக்கு வேல செஞ்சிச்சு” என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். அதைச் சொல்லும்போது அந்தக் கையை மற்றவர் கை மாதிரி தள்ளி வைத்துப் பார்த்தாள்.

எடிட் செய்யும்போது ‘உங்க நைனா’ என்று வரும் இடத்தை வெட்டினாள். ஊர்ப் பெயரை வெட்டினாள். அப்படியும் மனசு கேட்காமல் ஒருதரம் எல்லாவற்றையும் அழிக்கப் போனாள். அழிக்கவில்லை. நன்றாக வந்திருந்தது, அதுதான் காரணம். வகுப்பில் மற்றவர்கள் வாட்டர் டேங்கைப் பற்றியும் பிரியாணியைப் பற்றியும் செய்திருந்தார்கள்.

கிருபாகரன் சார் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யாரும்மா இந்த அம்மா?”

“பக்கத்து வீட்டு ஆன்ட்டி, சார்.”

“சம்மதம் கேட்டியா?”

“கேட்டேன், சார்.”

ரெண்டு வாக்கியம். ரெண்டும் எந்த நாக்கில் வந்ததென்று அவளுக்கே தெரியும்.

திறப்பு விழாவில் அதைத்தான் போட்டார்கள். ஹாலில் விளக்கை அணைத்துவிட்டு, நாலு மூலையிலும் அங்கம்மாவின் குரல். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்களாம். பானு மேடையில் நின்று கும்பிட்டாள். மறுநாள் கல்லூரிச் சேனலில் ஏற்றினார்கள். அது ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்கு, வைசூரி மாதிரி பரவியது.

பெயரையும் ஊரையும் வெட்டினால் போதும் என்று பானு நினைத்தாளே, அங்கேதான் தப்பு. பச்சையப்பன் லைனில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது குழாயடியில் மட்டும்தான். மற்ற நேரமெல்லாம் குரல்தான். இருமலை வைத்தே இன்னாருக்கு வயிற்றில் என்ன கோளாறு என்று சொல்லுவோம். அங்கம்மாவின் குரலை மாவாகச் சலித்து, வெயிலில் காயப்போட்டுக் கொடுத்தாலும் கண்டுபிடிப்போம்.

ஆவணி மாசம். மழைக்கான அறிகுறியே இல்லை. காற்றுகூட பச்சையப்பனிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் உள்ளே வந்தது. சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் கூடியிருந்தோம். அங்கம்மா கானாங்கெளுத்தி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சுசீலா படியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டே வந்தவள், “இத்தக் கேளுங்களேன், எங்க அண்ணன் மவன் அனுப்பிகிறான், அழுவாச்சியா வருதாம்” என்று அமுக்கினாள்.

“கையொறைல நாலு வெரலு நிமிந்து நிக்குது, சுண்டுவெரலு மட்டும் தொங்குது...”

கமலம் கையிலிருந்த குடம் நிரம்பி வழிந்தது. யாரும் குழாயை மூடவில்லை. போனில் பேசுகிறவள் எங்கள் எதிரில் மீனைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மீன் வாயும் அவள் வாயும் ஒரே மாதிரி திறந்திருந்தன.

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் நீலச் சட்டை திரும்பியது. கையில் தூக்கு. இன்னொரு கையில் பொட்டலம்.

“நிறுத்துடி!” என்றாள் கமலம்.

சுசீலா நிறுத்தத்தான் பார்த்தாள். அவசரத்தில் வேறு எதையோ அமுக்கி, சத்தம் கூடிவிட்டது.

“...குதிக்கிறாரு, இடுப்ப ஆட்றாரு, அந்த முட்டிவலிய வச்சிகினு...”

தேவராஜ் நின்றான். ஆறு குடும்பமும் அவனைப் பார்க்காமல் இருப்பதற்காக வேறு வேறு பக்கம் பார்த்தது. நான் வானத்தைப் பார்த்தேன். சுசீலா போனைப் புடவைக்குள் சொருகினாள். புடவைக்குள்ளிருந்தும் அங்கம்மா பேசினாள். ‘நல்லா ஆட்றபா’ன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டேன் என்றாள். அவன் கடைசிவரை நின்று கேட்டான். ‘அப்பாடா’ வந்தது. அதற்கப்புறம் கை தட்டல். ஹாலில் தட்டியதையும் சேர்த்து ஏற்றியிருந்தார்கள்.

பொட்டலத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தான். வீட்டுக்குள் போனான்.

அன்றைக்கு எங்கள் லைனில் யாரும் டீவி போடவில்லை. மரியாதைக்காக என்று சொல்லிக்கொண்டோம். கேட்பதற்காகவும்தான். ரெண்டாம் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை. வெகு நேரம் கழித்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாக்கியம் வந்தது.

“எல்லாம் தெரிஞ்சிகினே தெனம் என்னைக் கதை சொல்லவுட்டுக் கேட்டுகினு இருந்தியாடி?”

அங்கம்மா என்னவோ சொல்ல ஆரம்பித்தாள். தேவராஜ் தடுப்புச் சுவரைக் கையால் தட்டினான். அந்தாண்ட கேக்குது என்று அர்த்தம். முதல் வீட்டில் காதைச் சுவரில் வைத்திருந்த ரவிச்சந்திரன் அந்தத் தட்டில் பொறி கலங்கிப்போனான்.

அடுத்த நாள் நீலச் சட்டை கொடியிலேயே தொங்கியது. தேவராஜ் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். குமணன்சாவடியில் அன்றைக்குக் கோழி ஆடவில்லை. எங்கள் லைன் மோசமில்லை, யாரும் ஒரு சொல் கேலி பேசவில்லை. அதுதான் அவனை இன்னும் வாட்டியது. கமலம் வடகறி கொடுத்தனுப்பினாள். ரவிச்சந்திரன் வலியப் போய், “அண்ணாத்தே, கிரிக்கெட்டு பாக்க வரீயா?” என்றான். அவன் ஜென்மத்தில் அண்ணாத்தே என்று கூப்பிட்டதில்லை. தேவராஜ் திரும்பாமலே, “நீ இன்னா நைனா திடீர்னு பாசமா பேசறே? எனக்குச் சாவு கீவு வந்துட்சா?” என்றான்.

அங்கம்மாவும் பேச்சை நிறுத்திவிட்டாள். பானுவைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பாடு போட்டாள். பானு பக்கத்தில் வந்தால் மட்டும் வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஏன் மா என்று கேட்டதற்கு ஒரே ஒரு தரம் பதில் சொன்னாள்.

“உன்னாண்ட இன்னா பேசறதுனே தெரியல. எங்க மைக்கு வச்சிருக்கியோ.”

பானு வாசலுக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். “தாத்தா, செருப்பால அடிச்சிருந்தாகூடத் தாவல” என்றாள்.

அவள் சாரிடம் போய், அதைச் சேனலிலிருந்து எடுத்துவிடச் சொன்னாள். கிருபாகரன் சார் நாற்காலியில் சாய்ந்தார்.

“எதுக்கும்மா? எவ்வளவு பேர் கேட்டிருக்காங்க பாரு. அடுத்த மாசம் போட்டிக்கு அனுப்பப்போறேன்.”

“அந்த ஆன்ட்டிக்கு... கஷ்டமா இருக்காம், சார்.”

“சம்மதம் வாங்கிட்டேன்னு சொன்னியே?”

‘எங்கம்மா, சார்’ என்று பானு அப்போதே சொல்லியிருக்கலாம். பின்னால் முகப்பேர்ப் பிள்ளைகள் ரெண்டு பேர் பிரின்டருக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

“சரி, அந்த அம்மாவே வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். எடுத்துடலாம்” என்றார் சார்.

அதைச் சொல்ல அவள் வீட்டுக்கு வந்தபோது, தேவராஜ் துணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தான். அரக்கோணத்தில் அவன் அக்கா வீடு. போனால் எப்போது வருவான் என்று கேட்க அங்கம்மாவுக்கு வாய் வரவில்லை. கதவை மறித்து நின்றுகொண்டு மட்டும் இருந்தாள். தேவராஜ் கூரையை அண்ணாந்து பார்த்தான். ஆஸ்பெஸ்டாஸ் காய்ந்து வெடித்துக்கொண்டிருந்தது. அப்புறம் பானுவைச் சைகை காட்டிப் பக்கத்தில் கூப்பிட்டான். குசுகுசுத்தான். ஆறு வீட்டுக்கும் கேட்டது.

“உங்க காலேஜில அந்த ரூமு... சத்தம் வெளிய போவாதாமே. மெய்யா?”

“மைக்கு போடாட்டி போவாது, நைனா.”

“எங்க ரெண்டு பேரையும் அங்க இட்டுகினு போ. கொஞ்ச நேரம்.”

“எதுக்கு நைனா?”

“சண்ட போடணும்.”

அங்கம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

“இங்க முடியாது” என்றான் தேவராஜ். “மழையக் காணோம். உள்ளயே வச்சிகினு அரக்கோணம் போனேன்னா செத்துப்புடுவேன். சண்டய முடிச்சிட்டு, அப்பால போறதா இன்னான்னு பாப்போம். பை இங்கயே இருக்கட்டும்.”

அங்கம்மா உள்ளே போய்த் தலையை வாரிக்கொண்டு வந்தாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குப் புடவை கட்டியிருந்தாள். தேவராஜ் நீலச் சட்டையை எடுத்தான், பார்த்தான், திரும்பக் கொடியில் போட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். மூன்று பேரும் வரிசையாக நடந்து பஸ்ஸுக்குப் போனார்கள். எங்கள் லைனே வாசலில் நின்று, கோர்ட்டுக்குப் போகிறவர்களை வழியனுப்புவது மாதிரி அனுப்பியது. பஸ்ஸில் மூவரும் மூன்று ஸீட்டில் உட்கார்ந்தார்கள்.

ஸ்டுடியோ காலியாக இருந்தது. பானு கனத்த கதவைத் திறந்தாள். தேவராஜ் உள்ளே போய், மேடு பள்ளப் பஞ்சைக் கையால் தடவிப் பார்த்தான். மைக்கைப் பார்த்ததும் ரெண்டடி பின்வாங்கினான். பாம்பைப் பார்த்தவன் மாதிரி.

“அத எடு மொதல்ல.”

பானு மைக்கைக் கழற்றி வெளியே கொண்டுவந்தாள். அப்புறமும் சந்தேகம் தீராமல் மேஜைக்கு அடியில் குனிந்து, அந்த அறையிலிருந்து வரும் கனத்த ஒயரை மெஷினிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். கண்ணாடி வழியாக அதைத் தூக்கி அம்மாவிடம் காட்டினாள். அம்மா தலையசைக்கவில்லை. கதவு சாத்திக்கொண்டது.

இருபது வருஷப் பழக்கத்தில் தேவராஜ் வாயைத் திறக்குமுன் சுவரைப் பார்த்தான். அங்கம்மா என்னவோ சொன்னாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அவன் கையை ஓங்கிக் காற்றில் அறைந்தான். அவள் மாரில் அடித்துக்கொண்டாள். அவன் வாசலைக் காட்டினான். அவள் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அவ்வளவு பெரிய வாயோடு அவர்களை பானு பார்த்ததே இல்லை. முத்தாபுதுப்பேட்டையில் மழைக்காகக் காத்திருந்து அழுகிப்போன சண்டையெல்லாம் அந்தப் பெட்டிக்குள் போய்க்கொண்டிருந்தது. வெளியே ஏசியின் உறுமல் மட்டும் கேட்டது. இந்த லைனில் எனக்குத் தெரியாத சண்டை அது ஒன்றுதான். வேறு எதுவாக இருந்தாலும் நானே இட்டுக்கட்டிச் சொல்லிவிடுவேன். இதற்கு மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஓய்ந்தார்கள். அங்கம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். தேவராஜ் தரையில் உட்கார்ந்தான். விரல் போன கையை அவள் இழுத்துப் பார்க்கப் போனாள். அவன் வெடுக்கென்று எடுத்துக்கொண்டான். அப்புறம் அவனாகவே எழுந்தான். எதையோ சொல்ல ஆரம்பித்தான், கையால் விளக்கினான். பெரிய தலை ஒன்றைத் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொள்வது போலச் செய்தான். ரெண்டு கையையும் இறக்கையாக விரித்தான். முட்டியை மடக்கி, இடுப்பை ஒரு பக்கம் வெட்டி, அந்த அறைக்குள் ஆடிக் காட்டினான்.

பானுவின் கை போனுக்குப் போயிற்று. கண்ணாடிக்குள் விளக்கு அவர்கள் மேல் சரியாக விழுந்திருந்தது, பின்னால் கறுப்புப் பஞ்சு. போன் பாதி வெளியே வந்துவிட்டது. கேமரா திறந்தேவிட்டது. அப்போதுதான் கையைப் பார்த்தாள். திருகைத் திருகிய அதே கை.

போனைக் கவிழ்த்து மேஜையில் வைத்தாள். கண்ணாடிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றாள். எதிரில் நிலாவுக்குப் போகிற பச்சைச் சுவர். திரும்புவதற்கு முன்னால் கடைசியாகப் பார்த்தது அம்மாவின் முகத்தை. அது அழுகையா சிரிப்பா என்று சத்தமில்லாமல் தெரியவில்லை. உதடு மட்டும் அசைந்தது. ‘அப்பால?’ என்று கேட்ட மாதிரி இருந்ததாம். அதைத் தவிர வேறெதையும் அவள் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

கிருபாகரன் சார் உள்ளே வந்தார். கையில் காபி. பின்னால் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர்.

“என்னம்மா, செவுத்தப் பாத்துகிட்டு நிக்கிற? யாரு உள்ள, ரெக்கார்டிங்கா?”

“இல்ல, சார்.”

“யாரு அவங்க?”

பானு திரும்பினாள். பிள்ளைகளும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்க நைனா, சார். அது எங்கம்மா. அந்த ஆடியோல பேசறது அவங்கதான். பக்கத்து ஊடு இல்ல. நான் சம்மதம் கேக்கல. ஏமாத்திட்டேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “அத எடுத்துடுங்க, சார். வெளிய வந்தப்புறம் அவங்களே சொல்லுவாங்க. இப்ப சண்ட போட்டுகினு கீறாங்க.”

பிள்ளைகளில் யாரோ ‘கீறாங்க’வைக் கேட்டு லேசாகச் சிரித்தது போலிருந்தது. சார் சிரிக்கவில்லை. காபியை மேஜையில் வைத்தார். பழக்க தோஷம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆடுகிற மனுஷனைப் பார்த்தபடியே ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. ஏதாவது திருகைத் திருக வேண்டுமா என்று தேடினார்.

பானு கையிலிருந்த ஒயரின் முனையைத் தூக்கிக் காட்டினாள்.